அலிபிரியில் ஓர் ஒத்திகை

கோடை விடுமுறைக்குத் தாயகம் செல்லவிருக்கும் அன்பர்கள் இந்நேரம் பயணச்சீட்டுக்கு ஏற்பாடு செய்திருப்பார்கள். பெட்டியின் எடை எவ்வளவு, மாமியாருக்கு எந்த நிறத்தில் புடவை, யார் யாருக்குப் பேரீச்சம்பழம் என்று வீடுதோறும் ஆலோசனை நடைபெறும் காலம் இது. இந்த ஆரவாரத்துக்கிடையே நம் சங்கத்துக் குடும்பங்களுள் சில வேறொரு கவலையை வெளியே சொல்லாமல் உள்ளத்திலேயே வைத்துப் புழுங்குவதை நான் அறிவேன். ஆட்டிசம் உள்ள குழந்தையை விமானத்தில் எவ்வாறு அழைத்துச் செல்வது என்பதே அக்கவலை. எங்கள் இல்லத்திலும் அத்தகைய பிள்ளை ஒருவன் இருக்கிறான். வயது ஒன்பது. அவனுடன் இருமுறை பட்ட பாட்டையும், அதிலிருந்து கற்றதையும் எழுதுமாறு நண்பர்கள் பலகால் வற்புறுத்தியதால் இதனை எழுதத் துணிந்தேன்.

முதற்கண் ஒரு சொல்லைப் பற்றிக் கூறிவிடுகிறேன். ஆட்டிசத்தை ‘மதியிறுக்கம்’ என்று சில ஏடுகள் எழுதுகின்றன. தனித்தமிழில் எனக்கும் பற்று உண்டு. எனினும் இச்சொல்லை என் மகனுக்குச் சூட்ட மனம் இசையவில்லை. அவன் மதி இறுகியதன்று. ஒருமுறை சென்ற பாதையை மறவாத மதி அது. சித்தூரிலிருந்து காணிப்பாக்கம் வரை எந்தத் திருப்பத்தில் எந்தக் கடை என்பதை அவன் விரலால் காட்டுவான். அவனுக்கு நேரும் இடர் வேறு. நமக்குக் காதில் விழாத ஒலி அவனுக்கு இடியாய் விழும். நாம் பொருட்படுத்தாத விளக்கொளி அவன் கண்ணைக் குத்தும். சொல்லி வைத்த ஒழுங்கு சிறிது மாறினும் அடுத்து என்ன நேருமோ என்ற அச்சம் அவனை ஆட்கொள்ளும். விமான நிலையம் என்பது இம்மூன்றும் ஒருங்கே கூடிய இடம். அங்கே அவன் தரையில் புரண்டு அழுதால், அதனைப் பிடிவாதம் என்றோ வளர்ப்பின் குறை என்றோ கருதுவோர் பெருந்தவறு செய்கிறார்கள்.

இரண்டாண்டுகளுக்கு முன் விடுமுறை முடிந்து குவைத்துக்குத் திரும்பும்போது நிகழ்ந்ததைச் சொல்கிறேன். எந்த ஊர் நிலையம், எந்த விமான நிறுவனம் என்பதை விட்டுவிடுகிறேன். அதனால் இப்போது பயன் ஒன்றும் இல்லை. இரவு நேரம். பாதுகாப்புச் சோதனையில் பிள்ளையின் காதுக்கவசத்தைக் கழற்றித் தட்டில் வைக்கச் சொன்னார்கள். இரைச்சலைக் குறைக்க அவன் எப்போதும் அணிந்திருக்கும் கவசம் அது. கழற்றிய மாத்திரத்தில் அது கறுப்புத் திரைக்குள் சென்று மறைந்தது. அது திரும்பி வரும் என்பது எங்களுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. அவனுக்கு அதனை யாரும் சொல்லியிருக்கவில்லை. அதன்பின் காவலர் ஒருவர் கைச்சோதனைக் கருவியுடன் அருகில் வந்தார். அவர் தம் கடமையைத்தான் செய்தார். பிள்ளை அலறினான். அங்கிருந்து எப்படியோ வாயில் வரை கொண்டு சேர்த்தோம். ஆனால் விமானத்துக்கு அழைத்துச் செல்லும் பேருந்தில் ஏறமாட்டாமல் தரையில் படுத்துவிட்டான். “மருத்துவச் சான்று உண்டா?” என்று ஒருவர் கேட்டார். “மற்றப் பயணிகளுக்கு இடையூறு” என்று மற்றொருவர் சொன்னார். இறுதியில் எங்கள் பெட்டிகளை இறக்கிவிட்டு விமானம் புறப்பட்டது.

விடுப்பு முடிந்துவிட்டதால் மறுநாள் நான் மட்டும் தனியே பறந்தேன். மனைவியும் மகனும் சித்தூரில் என் தாயாரிடம் தங்கினர். பன்னிரண்டு வாரம் கழித்து அவர்களை அழைத்துச் செல்ல நான் மீண்டும் விடுப்பு எடுக்க நேர்ந்தது. புலம்பெயர்ந்து வாழ்வோர்க்குப் பன்னிரண்டு வாரம் என்பது எத்தகையது என்று நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. அந்நாட்களில் ஓர் இரவு என் மனைவி தொலைபேசியில், “நாங்கள் இங்கேயே இருந்துவிடுகிறோம். ஆண்டுக்கொருமுறை நீங்கள் வந்து பார்த்துப் போங்கள். இவனை இனி அந்த இடத்துக்குக் கொண்டுபோக என்னால் ஆகாது” என்றாள். எங்கள் குடும்பம் இரண்டாகப் பிரிந்துவிடும் நிலை அன்று உண்மையாகவே இருந்தது.

நிற்க. அந்த இரவில் நான் அறிந்திராத செய்தி ஒன்றைப் பின்னர் அறிந்தேன். அதனை அன்பர்கள் அனைவரும் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். 2022 மே 7ஆம் நாள் ராஞ்சி விமான நிலையத்தில் மாற்றுத்திறன் கொண்ட சிறுவன் ஒருவன் அச்சத்தால் கலங்கி இருந்தபோது, அவனை ஏற்றிச்செல்ல இண்டிகோ நிறுவனத்தின் ஊழியர் மறுத்தனர். பெற்றோரும் அவனுடன் பயணத்தைக் கைவிட்டனர். செய்தி நாடெங்கும் பரவிற்று. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககம் விசாரணை நடத்தி, அம்மாத இறுதியில் அந்நிறுவனத்துக்கு 5 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. பரிவோடு நடந்திருந்தால் பிள்ளை அமைதியுற்றிருப்பான் என்ற கருத்தையும் வெளியிட்டது. அவ்வாண்டு ஜூலையில் விதியையும் திருத்தினர். ஊனத்தைக் காரணமாகக் காட்டி எவரையும் ஏற்ற மறுத்தல் கூடாது. பயணத்தின்போது அவர் உடல்நிலை கெடக்கூடும் என்று நிறுவனத்தார் கருதினால், மருத்துவர் ஒருவர் அவரை நேரில் பார்த்துப் பயணத்துக்குத் தகுதியுடையவரா அல்லரா என்று திட்டமாகக் கூறவேண்டும். அதன்பின்னரே நிறுவனம் முடிவு செய்யலாம். முகப்பில் நிற்கும் ஊழியர் தம் மனம்போனவாறு முடிவு செய்யலாகாது என்பதே இதன் பொருள். நிலையத்திலும் விமானத்திலும் சிறு உதவி மட்டும் வேண்டுகிற மாற்றுத்திறனாளியிடம் மருத்துவச் சான்று கேட்டு வற்புறுத்தவும் அவ்விதிகளில் இடமில்லை. ஆட்டிசமோ 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்ட நிலை.

ஆனால் சட்டம் நம் பக்கம் இருப்பது வேறு, பிள்ளை அமைதியாக ஏறி அமர்வது வேறு. விதியை உரக்கப் படித்துக் காட்டினால் ஊழியர் வழிவிடுவர். பிள்ளையின் அச்சம் வழிவிடாது. இதனை உணர்ந்த பின்னரே எங்கள் ஆராய்ச்சி வேறு பக்கம் திரும்பிற்று.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து லோகன் விமான நிலையத்தில் 2011ஆம் ஆண்டு ஓர் ஏற்பாடு தொடங்கினர். ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் குடும்பங்களை ஒருநாள் நிலையத்துக்கு அழைத்தனர். அவர்கள் மெய்யான பயணிகளைப் போலவே சீட்டுப் பதிந்து, பாதுகாப்புச் சோதனையைக் கடந்து, வாயிலில் காத்திருந்து, விமானத்தினுள் ஏறி, இருக்கைப்பட்டையும் பூட்டி அமர்ந்தனர். விமானம் மட்டும் புறப்படவில்லை. சிறிது நேரம் கழித்து அனைவரும் இறங்கி வீடு சென்றனர். வேறு நகரங்களும் பின்னர் இதனைப் பின்பற்றின. நாடகக்காரர் மேடையேறுமுன் ஒத்திகை பார்ப்பதைப் போன்றதே இது. இச்செய்தியைப் படித்ததும் என் மனைவி சொன்னாள்: “பாஸ்டனுக்குப் போக நமக்கு வழியில்லை. ஆனால் அலிபிரி இருக்கிறதே!”

அலிபிரியை அறியாத அன்பர்க்கு ஒரு வார்த்தை. திருப்பதி நகரின் எல்லையில், திருமலை ஏறும் வழியின் அடிவாரத்தில் உள்ள இடம் அது. மலைக்குச் செல்லும் பேருந்தும் மோட்டாரும் அங்கே நிற்கவேண்டும். பயணிகள் இறங்கித் தம் பைகளை ஓடும் பட்டையின்மீது வைக்கவேண்டும். பை கருவிக்குள் புகுந்து மறுபக்கம் வெளிவரும். மனிதர் மற்றொரு வழியாகச் சென்று உடற்சோதனைக்கு உட்பட்டு, அப்பால் பையை எடுத்துக்கொண்டு மீண்டும் வண்டி ஏறவேண்டும். பல ஆண்டுகளாக நான் அங்கே பை வைத்து எடுத்திருக்கிறேன். விமான நிலையச் சோதனையின் முழு வடிவமும் அங்கே இருக்கிறது என்பது ஒருநாளும் என் புத்தியில் உறைக்கவில்லை. என் மனைவி திருப்பதியில் பிறந்து வளர்ந்தவள், அவளுக்கு உறைத்தது.

சென்ற கோடையில் ஊருக்கு வந்தபோது எட்டு வாரம் விடுப்பு இருந்தது. சித்தூருக்கும் திருப்பதிக்கும் இடையே ஏறத்தாழ 70 கிலோமீட்டர். 2022 ஏப்ரலில் திருப்பதியைத் தனி மாவட்டமாகப் பிரித்துவிட்டனர். எங்களுக்கு அது புகுந்த வீடு, பிறந்த வீடு என்ற வேறுபாடுதான். வாரத்துக்கு ஒருமுறை மாமனார் இல்லத்துக்குச் செல்வதும், அங்கிருந்து அலிபிரிக்குச் செல்வதும் என்று வகுத்துக்கொண்டோம்.

முதல் நாள் சோதனைச் சாவடிக்குள் நுழையவே இல்லை. எதிரே கருடன் சிலையருகே நின்று, பேருந்துகள் வருவதையும் மக்கள் இறங்கி ஏறுவதையும் அரைமணி நேரம் பார்த்துவிட்டுத் திரும்பினோம். “இதற்கா சித்தூரிலிருந்து வந்தீர்கள்?” என்று என் மாமனார் கேட்டார். இரண்டாம் முறை உள்ளே சென்றோம். காதுக்கவசத்தை அவன் கையாலேயே பைக்குள் வைக்கச் செய்து, பையைப் பட்டையில் ஏற்றி, “ஒன்று, இரண்டு, மூன்று” என்று உரக்க எண்ணத் தொடங்கினாள் என் மனைவி. பை வெளிவந்தபோது எண்ணிக்கை பதினெட்டு. கவசத்தை எடுத்து அணிந்துகொண்டான். முகத்தில் வியப்பு. போனது திரும்பி வரும். எண்ணிக்கொண்டே இருந்தால் வரும்! மூன்றாம் முறை அவனே எண்ணினான். கூட்டம் மிகுந்த அன்று எண்ணிக்கை முப்பதைக் கடந்தது. குரல் நடுங்கிற்றே ஒழிய, எண்ணுவதை விடவில்லை.

கைச்சோதனைக் கருவிக்கு வீட்டிலேயே ஒத்திகை வைத்தோம். மாமியார் வீட்டுச் சப்பாத்திக் கட்டையே கருவி, மைத்துனர் காவலர். கைகளை விரித்து நிற்கவேண்டும். கட்டை தோளிலிருந்து கால்வரை செல்லும். மைத்துனர் வாயாலேயே ‘பீப்’ என்று ஒலிப்பார். சில நாளில் பிள்ளை தன் பாட்டியையும் தாத்தாவையும் நிறுத்தி வைத்துச் சோதனை போடத் தொடங்கிவிட்டான். முறை தவறி யாரேனும் கையை முன்னதாக இறக்கிவிட்டால் மீண்டும் முதலிலிருந்து நிற்கவேண்டும். தாத்தா பலமுறை நின்றார்.

அலிபிரியில் தொடங்கிய பயிற்சிக்கு மலைப்பாதை மற்றொரு விதத்தில் துணைபுரிந்தது. விமானம் 10,000 மீட்டருக்கு மேல் பறந்தாலும் அதன் உள்ளறையில் காற்றழுத்தத்தை ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்துக்கு உரிய அளவுக்குக் குறையாமல் காக்கிறார்கள். ஏறும்போது செவிக்குள் இருக்கும் காற்று எளிதில் வெளியேறும். இறங்கும்போதோ வெளியழுத்தம் கூட, செவிப்பறை உள்நோக்கி அமுங்கும். தொண்டைக்கும் நடுச்செவிக்கும் இடையே உள்ள நுண்குழல் திறந்தால்தான் வலி தீரும். விழுங்கும்போதும் மெல்லும்போதும் கொட்டாவி விடும்போதும் அக்குழல் திறக்கிறது. இதனைப் பேசத் தெரிந்த பிள்ளைக்குச் சொல்லிவிடலாம். சொல்லால் உணர்த்த இயலாத பிள்ளை, காரணமறியாத அவ்வலியை விமானத்தின்மீது ஏற்றி, அடுத்த முறை விமானம் என்ற பெயரைக் கேட்டாலே அஞ்சுவான்.

திருமலை கடல்மட்டத்துக்கு மேல் 850 மீட்டர் அளவில் இருக்கிறது. திருப்பதியிலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் ஏற்றம். இறங்குவதற்கு 1944ஆம் ஆண்டு திறந்த பழைய மலைப்பாதை. கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்தது. அவ்வழியே பேருந்து இறங்கும்போது நம் எல்லோர்க்கும் செவி அடைப்பது உண்டன்றோ? பிள்ளை செவியைப் பொத்தினான். உடனே ஒரு கமர்கட்டை அவன் வாயில் இட்டோம். சித்தூர் வெல்லத்தில் என் தாயார் செய்து அனுப்பியது. சப்பிக்கொண்டும் விழுங்கிக்கொண்டும் வந்தவன் ஏதோ ஒரு வளைவில் கையைச் செவியிலிருந்து எடுத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். செவி திறந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். அடுத்த பயணத்தில் செவி அடைத்தபோது அவனே கையை நீட்டிக் கமர்கட்டு கேட்டான். எட்டு வாரத்தில் நாங்கள் பெற்ற பேறுகளுள் இதனையே நான் தலையாயதாகக் கருதுகிறேன். கடினமான மிட்டாயைச் சிறு குழந்தைக்குக் கொடுத்தல் ஆபத்து. அவர்க்கு நீரோ பாலோ உறிஞ்சுகுழலால் பருகக் கொடுத்தலே தக்கது.

திருமலைக்குச் செல்லும் வழக்கம் இல்லாத அன்பர்களும் இவ்வழியைப் பின்பற்றலாம். ஏலகிரியும் ஏற்காடும் உயர்ந்த மலைகளே. சென்னையில் மெட்ரோ ரயில் நிலையங்களிலும் பையைச் சோதிக்கும் கருவி உண்டு.

என் தாயாருக்கு ஒரு மனக்குறை. இத்தனை முறை மலையேறியும் பேரனுக்கு முடியிறக்கவில்லையே என்பது அது. தலையில் கத்தி படுவதை அவன் பொறுக்கமாட்டான். பயணத்துக்கு முன் புதிய அச்சம் ஒன்றைச் சேர்க்க வேண்டாம் என்று நான் தயங்கியவாறே சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின், “சுவாமி எங்கே போய்விடப் போகிறார்? பிள்ளை முதலில் அப்பனோடு ஊர் போய்ச் சேரட்டும்” என்றார். வேண்டுதலைப் பற்றி உறவினர் வேறு யாரும் அதன்பின் வாய் திறக்கவில்லை.

ஒத்திகையோடு ஒரு படப்புத்தகமும் செய்தோம். இனி நிகழப்போவதைக் குழந்தையின் நிலையிலிருந்து எளிய வாக்கியங்களில் முன்கூட்டியே எழுதிக் காட்டும் முறையை 1990களின் தொடக்கத்தில் காரல் கிரே என்ற அமெரிக்க ஆசிரியை வகுத்தார். சித்தூர் வீட்டு வாசலில் தொடங்கிக் குவைத்து வீட்டுக் கதவில் முடியுமாறு இருபத்திரண்டு பக்கம் எழுதினேன். பக்கத்துக்கு ஒரு நிழற்படம், அதன் கீழ் இரண்டு வரி. ‘நான் வரிசையில் நிற்பேன். அம்மா என் கையைப் பிடித்திருப்பாள்.’ ‘காதுக்கவசம் பெட்டிக்குள் போகும். நான் எண்ணுவேன். அது திரும்பி வரும்.’ இவ்வாறு. ‘அழக்கூடாது’, ‘ஓடக்கூடாது’ என்ற கட்டளைகளுக்கு அதில் இடமில்லை.

புத்தகத்தைத் தமிழில் எழுதினேன் என்பதைச் சொல்லக் காரணம் உண்டு. வீட்டில் தமிழ், சித்தூர்த் தெருவில் தெலுங்கு, குவைத்துக் கடையில் அரபி, பள்ளியில் ஆங்கிலம் என்று நான்கு மொழிக்கிடையே வளர்பவன் அவன். ஒரே மொழியைப் பேசுங்கள், அதுவும் ஆங்கிலமாக இருக்கட்டும் என்று முன்னொரு காலத்தில் எங்களுக்கு அறிவுரை கூறினர். இருமொழிச் சூழல் ஆட்டிசக் குழந்தையின் பேச்சு வளர்ச்சியைக் கெடுப்பதில்லை என்றே இன்றைய ஆய்வுகள் சொல்கின்றன. அச்சம் வரும்போது குழந்தை தேடுவது தாய் பேசும் மொழியை. ஆதலின் தமிழை விட்டுவிட எண்ணியுள்ள பெற்றோர் சற்றுப் பொறுப்பது நலம்.

ரேணிகுண்டாவுக்கும் ஒருநாள் சென்றோம். திருப்பதி விமான நிலையம் அங்கேதான். அதன் புதிய முனையம் 2015 அக்டோபரில் திறக்கப்பட்டது. சீட்டில்லாமல் உள்ளே செல்ல இயலாதாகையால் வெளியே சாலையோரம் நின்று விமானம் எழும் ஓசையைக் கேட்கச் செய்தோம். முதலில் தொலைவில், பின்னர் சற்று அருகில். பெரிய நிலையத்தைக் காட்டிலும் இங்கே நெரிசல் குறைவு. வாயிலில் நின்ற காவலர் தெலுங்கில் அன்பாக இரண்டு வார்த்தை பேசி அனுப்பினார்.

இனித் தாள்களைப் பற்றி. பயணச்சீட்டு வாங்கும்போதே பிள்ளையின் நிலையை விமான நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட வேண்டும். எப்படியும் புறப்பாட்டுக்கு 48 மணி நேரத்துக்கு முன் தெரிவித்தாக வேண்டும். அறிவு வளர்ச்சி அல்லது மனவளர்ச்சி சார்ந்த நிலையினால் உதவி வேண்டும் பயணியை விமான நிறுவனங்கள் ‘டி.பி.என்.ஏ.’ என்னும் நான்கெழுத்துக் குறியால் பதிவு செய்கின்றன. அக்குறி நம் சீட்டில் ஏறியதா என்று கேட்டு உறுதி செய்துகொள்வது நலம். ஆந்திரத்தில் ஊனச் சான்று ‘சதரம்’ என்ற முறையில் அரசு மருத்துவமனை முகாம்களில் வழங்கப்படுகிறது. நாடு முழுவதற்கும் பொதுவான அடையாள அட்டையும் உண்டு. சான்று இருந்தால் ஒரு நகல் கைப்பையில் இருக்கட்டும். சூரியகாந்திப் பூப் பொறித்த பச்சைக் கழுத்துப்பட்டை ஒன்றைப் பல நாட்டு நிலையங்களில் வழங்குகிறார்கள். 2016இல் லண்டன் கேட்விக் நிலையத்தில் தொடங்கிய வழக்கம். பெங்களூர் நிலையமும் இதில் சேர்ந்திருக்கிறது. வெளியே தெரியாத குறைபாடு உடையவர் இவர் என்று ஊழியர்க்கு உணர்த்தும் அடையாளம் அது. பிள்ளையின் நெற்றியில் பெயர் எழுதி ஒட்டுவதா என்று அதை விரும்பாத பெற்றோரும் இருக்கிறார்கள். அவர்களைக் குறைகூற மாட்டேன். நானும் முதலில் விரும்பவில்லை. தரையில் புரளும் பிள்ளையைச் சுற்றி இருபது பேர் நின்று பார்த்ததை எண்ணிய பிறகு, பட்டையே மேல் என்ற முடிவுக்கு வந்தேன்.

தூக்க மருந்து கொடுத்து அழைத்துச் செல்லுமாறு அறிந்தவர் சிலர் யோசனை கூறுவர். சளிக்கும் ஒவ்வாமைக்கும் தரும் சில மருந்துகள் பெரியோரை உறங்கச் செய்யினும், சில குழந்தைகளை நேர்மாறாகக் கிளர்ந்தெழச் செய்வதுண்டு. மருத்துவரைக் கலக்காமலும், வீட்டில் ஒருமுறை கொடுத்துப் பாராமலும், வானத்தில் முதன்முறையாக எம்மருந்தையும் கொடுத்தல் ஆகாது. உணவும் அவ்வாறே. பழகிய உணவைத் தவிர வேறொன்றையும் உண்ணாத பிள்ளைக்கு விமானத்தில் தரும் தட்டை நம்பலாகாது. பாட்டி கைப்பட மிளகாய்ப்பொடி தடவிய இட்டலி எட்டு எங்கள் பையில் இருந்தது.

புறப்படும் நாள் வந்தது. சித்தூரில் வெயில் தாழ்ந்ததும் மோட்டாரில் சென்னையை நோக்கிப் புறப்பட்டோம். புத்தகம் அவன் மடியில் இருந்தது. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அந்தப் பக்கத்தைப் புரட்டினான். சோதனையில் காவலரிடம் முன்கூட்டியே நிலையைச் சொன்னேன், பொறுமையாகக் கேட்டார். காதுக்கவசம் தட்டில் சென்றது. அவன் எண்ணினான். இருபது, முப்பது, நாற்பது. முன்னால் ஒருவருடைய பெட்டியைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்ததால் பட்டை நின்றுவிட்டது. என் மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. ஐம்பத்து மூன்றில் கவசம் வந்தது. எடுத்து அணிந்துகொண்டு, கைகளை விரித்துக் காவலர் எதிரே நின்றான். அவர் முடித்த பின்னும் கையை இறக்கவில்லை. “இறக்கலாம் தம்பி” என்று அவர் சொன்ன பிறகே இறக்கினான்.

முன்னதாக ஏறிக்கொள்ளும் சலுகையைச் சிறு குழந்தையுடையோர்க்கும் உதவி வேண்டுவோர்க்கும் அளிக்கின்றனர். எங்கள் அனுபவத்தில் அது இருபுறமும் கூரான கத்தி. முதலில் ஏறினால் நெரிசல் இல்லை. ஆனால் புறப்படுமுன் நெடுநேரம் அடைந்து கிடக்கவேண்டும். ஆகவே நான் பைகளுடன் முதலில் ஏறி இடத்தை ஒழுங்குசெய்வது, மனைவி பிள்ளையுடன் கடைசியில் ஏறுவது என்று பிரித்துக்கொண்டோம்.

இங்கேதான் என் பிழை ஒன்று வெளிப்பட்டது. புத்தகத்தில் விமானத்துக்கு ஏறும் பக்கத்தில் படிக்கட்டுப் படம் வைத்திருந்தேன். அன்றோ நிலையத்திலிருந்து நேராக விமானத்தின் கதவுக்குச் செல்லும் மூடிய பாலம். பிள்ளை அதன் வாயிலில் நின்றுவிட்டான். புத்தகத்தைக் காட்டினான், படிக்கட்டைத் தொட்டான், எதிரே இருந்த குகையைப் பார்த்தான். நான் விமானத்துள் அமர்ந்துகொண்டு, கடைசிப் பயணிகள் உள்ளே வருவதையும், என் மனைவி வராததையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாண்டுகளுக்கு முந்திய இரவு அப்படியே என் கண்முன் வந்தது. எழுந்து ஓடலாமா என்று பதைத்தேன்.

என் மனைவி அவனை இழுக்கவில்லை. பைக்குள்ளிருந்து எழுதுகோலை எடுத்து, தரையில் அமர்ந்து, படிக்கட்டுப் படத்துக்குக் கீழே ஒரு குகையை வரைந்து, ‘இன்று குகை. குகைக்கு அப்பால் அப்பா’ என்று எழுதிப் படித்துக் காட்டினாளாம். விமானப் பணிப்பெண் ஒருவர் அருகில் வந்து ஒன்றும் பேசாமல் காத்து நின்றாராம். அவன் அந்த வரியை விரலால் இருமுறை தடவிவிட்டு, பக்கத்தைப் புரட்டிக்கொண்டு, நடந்து வந்தான். என் இருக்கைக்கு வந்ததும் என்னைத் தொட்டுப் பார்த்தான். பின்னர் பட்டையைத் தானே பூட்டிக்கொண்டான்.

ஏறத்தாழ ஐந்து மணி நேரப் பயணம். நடுவில் அரைமணி நேரம் அழுதான். முன் இருக்கையை உதைத்தான். அங்கிருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம். இட்டலி ஆறு செலவாயிற்று. விமானம் இறங்கத் தொடங்கியதும் கை நீண்டது. கமர்கட்டு கொடுத்தேன்.

படப்புத்தகத்தில் இப்போது இருபத்துமூன்று பக்கங்கள். குகைக்குத் தனிப்பக்கம் சேர்த்துவிட்டோம். அதன் நகல் ஒன்றைச் சங்க நூலகத்தில் வைத்திருக்கிறேன். கோடைக்கு முன் வேண்டுவோர் எடுத்துச் சென்று, எங்கள் படங்களை நீக்கித் தங்கள் ஊர், தங்கள் வீடு, தங்கள் பிள்ளையின் படங்களை ஒட்டிக்கொள்ளலாம். சப்பாத்திக் கட்டை அவரவர் வீட்டிலேயே இருக்கும்.